நவதாராளமயக் கொள்கையின் வரலாற்றை எழுதுதலில் சான்றுகளின் நம்பகத்தன்மை: சிலி (1973–1990)

ஆய்வுச் சுருக்கம்

இராணுவ ஆட்சிக்கால சிலியின் பொருளாதாரக் கொள்கை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் எழுதியவரின் சார்பைக் கொண்டே ஏற்கப்படுகின்றன அல்லது தள்ளப்படுகின்றன. விலைக் குறியீட்டெண், வேலையின்மைக் கணக்கு, வறுமை அளவீடு, கொள்கை ஆவணங்கள், கடிதங்கள் ஆகிய சான்றுகளை ஆராயும் இக்கட்டுரை, நம்பகத்தன்மை ஒரு நிறுவனத்துக்கோ ஆசிரியருக்கோ உரிய நிலையான பண்பு அன்று என்றும், ஒவ்வொரு தகவலும் உருவான வழியைப் பொறுத்தே அது அமைகிறது என்றும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிலி, நவதாராளமயம், சான்று மதிப்பீடு, நுகர்வோர் விலைக் குறியீட்டெண், மெய்க்கூலி, வறுமை அளவீடு

முன்னுரை

1973 செப்டம்பர் 11 அன்று சல்வடார் அலெண்டேயின் அரசை இராணுவம் கவிழ்த்தது. அதனைத் தொடர்ந்து அகுஸ்தோ பினோசெட் தலைமையில் 1990 மார்ச் வரை நீடித்த ஆட்சியில் விலைக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. அரசு நிறுவனங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. ஓய்வூதியம் தனியார் நிதி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1973-இல் சராசரியாக 94 விழுக்காடாக இருந்த இறக்குமதித் தீர்வை, மோட்டார் வாகனங்கள் நீங்கலாக, 1979 நடுப்பகுதியில் ஒரே சீராக 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இதனை ‘அற்புதம்’ எனக் கொண்டாடும் நூல்களும் ‘பேரழிவு’ எனச் சாடும் நூல்களும் ஏராளம்.

இருதரப்பையும் அடுத்தடுத்து எடுத்துக்கூறிவிட்டால் நடுநிலை கிட்டிவிடும் என்னும் எண்ணம் ஆய்வேடுகளில் வேரூன்றியுள்ளது. இரு தவறான எண்களின் சராசரி சரியான எண் ஆகிவிடாது. இரு தரப்பினரும் ஒரே பழுதுபட்ட அட்டவணையிலிருந்து எடுத்தெழுதி மாறுபட்ட முடிவுகளுக்கு வரும் நேர்வுகளில் இம்முறை முற்றிலும் பயனற்றுப்போகிறது. சிலியில் அத்தகைய நேர்வுகள் பல உள.

கலைச்சொல்லிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. கொள்கையை வகுத்தவர்கள் தம்மை ‘நவதாராளவாதிகள்’ என அழைத்துக்கொள்ளவில்லை. ‘சமூகச் சந்தைப் பொருளாதாரம்’ என்பதே அவர்கள் விரும்பிய தொடர். ‘நவதாராளமயம்’ என்பது இலத்தீன் அமெரிக்க ஆய்வுலகில் எதிர்ப்பாளரின் சொல்லாகவே பெரிதும் பரவியது. ஒரு நூல் இச்சொல்லைக் கையாள்வது அதன் தரத்தைக் காட்டாது. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மட்டுமே காட்டும். ‘வாஷிங்டன் இணக்கம்’ என்னும் தொடரும் இத்தகையதே. ஜான் வில்லியம்சன் 1989-இல் அத்தொடரை உருவாக்கியபோது பத்து கொள்கைக் கூறுகளைத் தொகுத்தார். மூலதனப் பாய்ச்சல் முழுவதையும் தடையின்றித் திறந்துவிடுதல் அவற்றுள் இல்லை. நேரடி அயல்நாட்டு முதலீடு மட்டுமே இருந்தது. எழுபதுகளின் சிலிக்கு இத்தொடரைப் பின்னோக்கிப் பொருத்துவது காலமுரண் என்பதையும் கருத வேண்டும்.

விலைக் குறியீட்டெண்ணும் கூலியும்

சிலி பற்றிய எந்தப் பொருளாதார வரலாறும் பணவீக்க எண்ணைத் தவிர்த்துவிட முடியாது. கூலி, நுகர்வு, வட்டி ஆகியவற்றின் மெய்மதிப்பு அனைத்தும் அந்த எண்ணைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. அந்த எண்ணை வெளியிட்டது தேசியப் புள்ளியியல் நிறுவனம்.

சியெப்லான் என்னும் தனியார் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரெனே கோர்தாசர், ஹோர்ஹே மார்ஷல் ஆகியோர் 1980-இல் வெளியிட்ட கட்டுரை, அக்குறியீட்டெண்ணை மீளக் கணக்கிட்டது. டிசம்பர் முதல் டிசம்பர் வரையிலான அலுவல்முறைப் பணவீக்கம் 1976-இல் 174.3, 1977-இல் 63.5, 1978-இல் 30.3 விழுக்காடு. திருத்திய கணக்கில் இவை முறையே 197.9, 84.2, 37.2 விழுக்காடாகின்றன. தனித்தனியே பார்த்தால், அத்தகைய கடும் பணவீக்கக் காலத்தில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. மூன்று ஆண்டுகளையும் பெருக்கிப் பார்த்தால் நிலைமை மாறும். அலுவல்முறைக் கணக்கின்படி 1975 இறுதியில் 100 ஆக இருந்த விலைநிலை 1978 இறுதியில் ஏறத்தாழ 584. திருத்திய கணக்கின்படி ஏறத்தாழ 753. ஆகவே அலுவல்முறை எண்ணால் வகுத்துப் பெறப்பட்ட 1978 இறுதியின் மெய்க்கூலி, இம்மூன்று ஆண்டுகளின் பிழையால் மட்டுமே 29 விழுக்காட்டளவு மிகைபட்டுத் தோன்றும். எழுபதுகளின் பிற்பகுதியில் கூலி விரைந்து மீண்டது எனச் சொல்லும் வாக்கியங்களுள் கணிசமானவை இந்த 29 விழுக்காட்டின்மீது நிற்பவை.

இதனை ஏட்டுச் சிக்கலாக மட்டும் கொள்ளலாகாது. அக்காலத்தில் கூலி உயர்வு முந்தைய மாதங்களின் அலுவல்முறைக் குறியீட்டெண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தது. குறியீடு குறைத்துக் காட்டப்பட்டபோது தொழிலாளியின் கைக்கு வந்த பணமே குறைந்தது. மெய்க்கூலி 1974–76 ஆண்டுகளில் 1970-இன் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே கிடந்தது என்பது திருத்திய கணக்கின் முடிவு. பழைய எண்ணை இன்று அப்படியே எடுத்தாளும் ஆய்வாளர், அந்த இழப்பை வரலாற்றிலிருந்தும் நீக்கிவிடுகிறார்.

1973-ஆம் ஆண்டின் எண்ணுக்குத் தனிக் கவனம் தேவை. அலுவல்முறைக் கணக்கில் அது 508.1 விழுக்காடு, திருத்திய கணக்கில் 605.9. அவ்வாண்டின் முதல் எட்டு மாதங்களுக்கும் மேலாக அலெண்டேயின் ஆட்சி நடந்தது. விலைக் கட்டுப்பாடும் கள்ளச்சந்தையும் அருகருகே இருந்த காலம் அது. பெரும்பாலான விலைகள் விடுவிக்கப்பட்டது இராணுவ ஆட்சியின் அக்டோபரில். எனவே ஆண்டு முழுமைக்குமான எண்ணை அலெண்டேயின் கணக்கில் எழுதும் நூலும், பினோசெட்டின் கணக்கில் எழுதும் நூலும் ஒரே பிழையைச் செய்கின்றன. மாதவாரித் தொடரைப் பார்க்காத எந்த வாக்கியத்தையும் இங்கே ஏற்றுக்கொள்ள இயலாது.

பல நூல்கள் ஒரே எண்ணைத் தருவதால் அது உறுதிப்பட்டுவிட்டது என்னும் தவறான முடிவும் இங்குதான் நேர்கிறது. உலக வங்கி, பன்னாட்டுப் பண நிதியம், ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் வெளியிடும் அட்டவணைகள் பெரும்பாலும் தேசியப் புள்ளியியல் அலுவலகங்களிலிருந்தும் நடுவண் வங்கிகளிலிருந்தும் பெறப்படுபவை. மூன்று வெளியீடுகளில் ஒரே எண் காணப்பட்டால் சாட்சிகள் மூவர் ஆகிவிடமாட்டார்கள். ஒரே சாட்சியின் வாக்குமூலம் மூன்று முறை படியெடுக்கப்பட்டிருக்கிறது. எண் ஒத்திருப்பது அதன் தோற்றுவாய் ஒன்று என்பதற்கே பெரும்பாலும் சான்றாகும்.

சந்தைசார்பு ஆட்சிகளுக்கு மட்டுமே உரிய குற்றமாக இதனைக் கருதுவதும் பொருந்தாது. அண்டை நாடான அர்ஜென்டினாவில் நவதாராளமயத்தை வெளிப்படையாக எதிர்த்த அரசின் காலத்தில், 2007 முதல் பணவீக்கக் கணக்கில் தலையீடு நிகழ்ந்தது. 2013 பிப்ரவரியில் பன்னாட்டுப் பண நிதியம் அந்நாட்டின்மீது கண்டனம் நிறைவேற்றியது.

ஒரே அலுவலகம், வேறுபட்ட தொடர்கள்

மேற்கண்டவற்றால் சிலியின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் தந்த யாவும் பொய் என முடிவுகட்டினால் பெரிய இழப்பு நேரும். அதே நிறுவனம் 1969, 1978, 1988 ஆகிய ஆண்டுகளில் சாந்தியாகோ நகரக் குடும்பங்களிடையே செலவினக் கணக்கெடுப்பு நடத்தியது. 1969-இல் மொத்த நுகர்வில் மிக வளமான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்களின் பங்கு 44.5 விழுக்காடு, 1978-இல் 51 விழுக்காடு, 1988-இல் 54 விழுக்காட்டையும் தாண்டியது. ஏற்றத்தாழ்வு பெருகியதற்கு இராணுவ ஆட்சியின் கடுமையான எதிர்ப்பாளர்கள் இன்றும் காட்டும் முதன்மைச் சான்று இதுவே. அதனை உருவாக்கியதும் அரசு அலுவலகந்தான். விலைக்குறியீடு மாதந்தோறும் நாளிதழின் முதல் பக்கத்துக்குச் செல்வது. கூலி ஒப்பந்தங்களை நேரடியாகத் தொடுவது. பத்தாண்டுக்கொருமுறை நிகழும் செலவினக் கணக்கெடுப்பை அமைச்சர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. எந்தத் தொடரின்மீது அரசியல் அழுத்தம் விழுகிறது என்பதை ஆராயாமல் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு மதிப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும்.

வேலையின்மைக் கணக்கில் சிக்கல் வேறு வகையானது. அங்கே பொய் ஏதும் தேவைப்படவில்லை, வரையறையே போதுமானதாயிற்று. 1975-இல் குறைந்தபட்ச வேலைத் திட்டமும், 1982-இல் குடும்பத்தலைவர்களுக்கான வேலைத் திட்டமும் தொடங்கப்பட்டன. தெரு கூட்டுதல், குழி தோண்டுதல் போன்ற பணிகளுக்குச் சொற்ப உதவித்தொகை பெற்ற இவர்கள் அலுவல்முறைக் கணக்கில் ‘வேலையில் உள்ளோர்’. இவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் 1983-இல் வேலையின்மை உழைப்போர் தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காடு. சேர்க்காத எண் இதனினும் வெகுவாகக் குறைவு. இரண்டும் தத்தம் வரையறைப்படி சரியானவை. எந்த வரையறை என்பதைச் சொல்லாமல் ஏதேனும் ஒன்றைத் தரும் நூலே நம்பத்தகாதது. ஒப்பிட்டுச் சரிபார்க்க விரும்புவோருக்கு, சிலிப் பல்கலைக்கழகம் ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து சாந்தியாகோ பெருநகரில் தொடர்ந்து நடத்திவந்த வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு உதவும். நகர எல்லைக்குள் மட்டும் அடங்கும் அதனை நாடு முழுமைக்கும் விரிக்கலாகாது.

வளர்ச்சி வீதத்தில் தொடக்க ஆண்டே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1975-இல் உற்பத்தி ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. அந்தப் பள்ளத்திலிருந்து 1981 வரை அளந்தால் ஆண்டுக்கு 7 விழுக்காட்டை ஒட்டிய வளர்ச்சி தெரியும். 1974 முதல் 1989 வரை முழுக் காலத்தையும் அளந்தால் அது 3 விழுக்காட்டை ஒட்டி அமையும். மில்டன் ஃபிரீட்மன் ‘நியூஸ்வீக்’ இதழில் சிலியை அற்புதம் எனப் புகழ்ந்தது 1982 ஜனவரியில். அவ்வாண்டிலேயே உற்பத்தி, அன்றைய கணக்கின்படி, 14 விழுக்காட்டை ஒட்டிச் சரிந்தது. அந்தப் பத்தி வளர்ச்சிக்குச் சான்றன்று; 1981-இன் உச்சியில் நின்றவரின் நம்பிக்கைக்குச் சான்று.

வறுமையின் அளவுகோல்

‘மிகு வறுமை வரைபடம்’ எனப்படும் ஆவணத்தை அரசுத் திட்ட அலுவலகமும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் 1974-இல் உருவாக்கின. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு 21 விழுக்காட்டினர் மிகு வறுமையில் இருப்பதாக அது கூறியது. அதே முறையில் 1982 கணக்கெடுப்பை ஆராய்ந்தபோது அவ்வெண் 14 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஆட்சியின் ஆதரவாளர்கள் இதனைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவர். மறுபுறம், 1987-ஆம் ஆண்டின் தேசியக் குடும்பக் கணக்கெடுப்பைக் கொண்டு செய்த மதிப்பீடு மக்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினரை வறியவராகக் காட்டியது. எதிர்ப்பாளர்கள் இதனை எடுத்துக்காட்டுவர்.

முன்னது வருமானத்தை அளக்கவே இல்லை. வீட்டின் வகை, கழிவுநீர் வசதி, ஒரு வீட்டில் வாழ்வோர் எண்ணிக்கை, வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றை அளந்தது. தீர்வை வீழ்ந்ததால் இறக்குமதிப் பொருள்கள் மலிந்த காலம் அது. கூலி வீழ்ந்த ஒரு குடும்பம் வானொலியோ தொலைக்காட்சியோ வாங்கியிருப்பின் அந்த அளவீட்டில் முன்னேறிவிடும். பின்னது வருமானத்தை உணவுக்கூடையின் விலையோடு ஒப்பிட்டது. மிகு வறுமை, வறுமை என எல்லைக்கோடுகளும் வேறு. ஆகவே 21-ஐயும் 45-ஐயும் அடுத்தடுத்து வைத்து ‘வறுமை இருமடங்காயிற்று’ என எழுதுவது, 21-ஐயும் 14-ஐயும் மட்டும் வைத்து ‘வறுமை மூன்றில் ஒரு பங்கு ஒழிந்தது’ என எழுதுவதற்கு எவ்வகையிலும் மேலானதன்று. முதலாவது வாக்கியம் எளிய மக்கள்பால் பரிவுடையது என்பதால் அதற்குச் சலுகை தருவதற்கில்லை.

அளவுகோலின் வலிமையை மக்களாட்சிக் காலத்து நிகழ்வு ஒன்று தெளிவாகக் காட்டும். 2013-ஆம் ஆண்டின் குடும்பக் கணக்கெடுப்பு பழைய முறையில் 7.8 விழுக்காடும், காலத்துக்கேற்பத் திருத்திய புதிய முறையில் 14.4 விழுக்காடும் வறுமையைக் காட்டியது. கணக்கெடுக்கப்பட்ட குடும்பங்கள் அவையே.

‘செங்கல்’ என்னும் ஆவணம்

கொள்கையின் தோற்றம் பற்றிய சான்றுகளுள் தலையாயது ‘எல் லாத்ரியோ’, அதாவது ‘செங்கல்’. பருமன் கருதி இப்பெயர் பெற்ற இத்திட்ட ஆவணத்தை ஆட்சிக்கவிழ்ப்புக்கு முன்பே ஒரு பொருளாதார அறிஞர் குழு எழுதியது. அவர்களுள் பலர் 1956-இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் சிகாகோ பல்கலைக்கழகமும் அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே சிகாகோவில் பயின்றவர்கள். இன்று ஆய்வாளர் கைக்கு எட்டும் வடிவமோ 1992-இல் பொது ஆய்வுகள் மையம் அச்சிட்டது. அதற்கு முன்னுரை எழுதிய செர்ஹியோ தெ காஸ்த்ரோ, ஆவணத்தை எழுதியவர்களுள் ஒருவர். பின்னர் பினோசெட்டின் நிதியமைச்சராக இருந்தவர். 1973-இல் படைத்தலைவர்கள் கையில் கிடைத்ததற்கும் இப்பதிப்புக்கும் இடையில் 19 ஆண்டுகள் உள்ளன. 1992-இன் முன்னுரையை 1973-இன் நோக்கத்துக்குச் சான்றாக ஆள்வது பெரும்பிழை. மக்களாட்சி மீண்ட பின், தம் பங்களிப்பை நாடு எவ்வாறு நினைவுகூர வேண்டும் என அவர்கள் விரும்பினர் என்பதற்கே அது முதன்மைச் சான்று.

ஃபிராங்க் சர்ச் தலைமையிலான அமெரிக்க செனட் குழு 1975 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை மற்றொரு முனையில் நிற்கிறது. ‘எல் மெர்க்கூரியோ’ நாளிதழுக்கு 1971 செப்டம்பரில் 7,00,000 டாலரும் 1972 ஏப்ரலில் 9,65,000 டாலரும் ஒப்பளிக்கப்பட்டதை அது பதிவுசெய்கிறது. இராணுவ ஆட்சியின் முக்கியப் பொருளாதார முடிவுகளுக்கு அடிப்படையான தொடக்கத் திட்டத்தைத் தயாரித்ததில் உளவு நிறுவனத்தின் கூட்டாளிகளுக்குப் பங்குண்டு என்றும் குறிப்பிடுகிறது. அத்திட்டத்தின் பெயரை அது சொல்லவில்லை. ‘செங்கல்லை உளவு நிறுவனம் எழுதியது’ என்னும் கூற்று, அறிக்கை சொல்லியதற்கும் வாசகர் ஊகித்ததற்கும் இடையிலான தொலைவைக் கடந்துவிடுகிறது. பெயரிடப்படாத திட்டமும் செங்கல்லும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது வலுவான ஊகம். ஊகம் என்றே அதனை எழுத வேண்டும். நாளிதழ் நிதி பற்றிய செய்தி அவ்வாறன்று: தேதி, தொகை, ஒப்புதல் யாவும் ஆவணத்திலேயே உள்ளன. ஓர் அறிக்கையின் இரு வாக்கியங்களுக்கு இரு வேறு எடை என்பதை மேற்கோள் காட்டுவோர் அரிதாகவே பேணுகின்றனர்.

கடிதமும் தேதியும்

ஃபிரீட்மன் 1975 மார்ச்சில் சிலி சென்றார். பினோசெட்டை முக்கால் மணி நேரம் சந்தித்தார். ஏப்ரல் 21 தேதியிட்ட கடிதத்தில் அதிர்ச்சி வைத்தியத்தைப் பரிந்துரைத்தார். நிதியமைச்சர் ஹோர்ஹே கவாஸ் கடும் சிக்கனத் திட்டத்தை அறிவித்தது ஏப்ரல் 24. பினோசெட்டின் மறுமொழி மே 16 தேதியிட்டது. இக்கடிதங்களை ஃபிரீட்மன் இணையர் 1998-இல் தம் தன்வரலாற்றில் வெளியிட்டனர்.

கடிதத்தைக் காரணமாகவும் திட்டத்தை விளைவாகவும் எழுதும் நூல்கள் உண்டு. அந்நாளின் அஞ்சல் வேகத்தில் மூன்று நாளில் ஒரு கடிதம் கடல் கடந்து, படிக்கப்பட்டு, தேசியத் திட்டமாக வடிவெடுத்திருக்க இயலாது. மார்ச் சந்திப்புக்குச் செல்வாக்கு இருந்திருக்கலாம். ஏற்கெனவே அதே மருந்தைக் கையில் வைத்திருந்த உள்நாட்டுக் குழுவுக்கு ஒரு புகழ்பெற்ற பெயர் துணைவந்தது என்பதே சான்றுகள் தாங்கும் அளவு. இதனால் ஃபிரீட்மனின் பொறுப்பு குறைகிறதா என்பது வேறு வினா. சிலி நாட்டவரின் பொறுப்பு அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் நிழலில் மறைக்கப்படுவது தடுக்கப்படுகிறது.

சட்ட வாசகங்களைப் படிப்பதிலும் இத்தகைய நிதானம் வேண்டும். 1980 நவம்பரில் பிறப்பிக்கப்பட்ட 3500-ஆம் எண் ஆணை, ஓய்வூதியத்தைத் தனியார் நிதிகளுக்கு மாற்றியது. ஆனால் படையினர் தம் பழைய முறையிலேயே இருந்தனர். அலெண்டே காலத்தில் தேசியமயமான பெருஞ்செப்புச் சுரங்கங்களை இராணுவ ஆட்சி விற்கவில்லை. 1976-இல் கொதெல்கோ என்னும் அரசு நிறுவனமாக்கியது. செப்பு வருவாயின் ஒரு பகுதி படைகளுக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருந்தது. ‘முழுத் தனியார்மயம்’ என எழுதும் புகழுரையும் கண்டனமும் இவ்விரு உண்மைகளையும் ஒருசேரத் தவறவிடுகின்றன.

சார்புடைய சாட்சிகள்

கோர்தாசரும் மார்ஷலும் நடுநிலையாளர்கள் அல்லர். சியெப்லான் ஆட்சியின் பொருளாதாரக் கொள்கையை விமர்சித்த மையம். அயல்நாட்டு அறக்கட்டளைகளின் நிதியுதவி பெற்றது. 1990-இல் மக்களாட்சி மீண்டபோது அதன் தலைவர் அலெஹாந்த்ரோ ஃபொக்ஸ்லே நிதியமைச்சரானார். கோர்தாசர் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார். அம்மையத்தை நிறுவியோருள் ஒருவரான ரிக்கார்தோ ஃபிரெஞ்ச்-தேவிஸ் சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பது, ‘சிகாகோவில் படித்தவர்’ என்னும் ஒற்றை அடையாளத்தைக் கொண்டு ஆசிரியரை எடைபோடுவோர் கவனிக்க வேண்டியது. இவர்களின் விலைக்கணக்கு ஏற்கப்படுவதற்குக் காரணம், கணக்கிட்ட முறை வெளியிடப்பட்டிருப்பதே. ஐயமுள்ளவர் அதே விலைகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். அலுவல்முறை எண்ணில் அவ்வாய்ப்பு அன்று இல்லை.

அலெண்டே அரசில் அமைச்சராக இருந்த ஒர்லாந்தோ லெத்தெலியரின் நிலை இன்னும் கூர்மையானது. சிகாகோ குழுவின் திட்டமும் அடக்குமுறையும் ஒன்றையொன்று சார்ந்தவை என வாதிடும் அவருடைய கட்டுரை ‘தி நேஷன்’ இதழில் 1976 ஆகஸ்டு இறுதியில் வந்தது. செப்டம்பர் 21 அன்று வாஷிங்டனில் அவர் சென்ற கார் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டு அவர் கொல்லப்பட்டார். பினோசெட்டின் இரகசியக் காவல்துறையே அதற்குப் பொறுப்பு எனப் பின்னர் நிறுவப்பட்டது. அவருடைய மரணம் அக்கட்டுரைக்குப் பெரும் அறவலிமை தந்தது. அதிலுள்ள எண்களுக்கு அது வலிமை தராது. அவை பிற எண்களைப் போலவே சரிபார்க்கப்பட வேண்டியவை. அடக்குமுறைக்கும் திட்டத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய அவருடைய வாதத்தைச் சோதிக்கப் பொருளாதார அட்டவணைகள் போதா. தொழிற்சங்கங்கள் எப்போது கலைக்கப்பட்டன, வேலைநிறுத்தம் எந்த ஆணையால் தடுக்கப்பட்டது, 1979-இன் தொழிலாளர் சட்டங்கள் கூட்டுப்பேரத்தை எந்த எல்லைக்குள் அனுமதித்தன என்பனவற்றை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். பீட்டர் வின் 2004-இல் பதிப்பித்த ‘சிலி அற்புதத்தின் பலியாட்கள்’ போன்ற தொகுப்புகளில் இடம்பெறும் தொழிலாளர் அனுபவங்கள் இவ்விடத்தில் இன்றியமையாதவை. நாட்டின் சராசரிக் கூலியை அவற்றிலிருந்து பெற இயலாது. ஒரு தொழிற்சாலையில் கூலியைப் பற்றிக் கேட்க யாருக்கு அச்சமிருந்தது, ஏன் இருந்தது என்பதை விலைக் குறியீட்டெண்ணின் எந்தப் பதிப்பிலிருந்தும் பெற இயலாது.